பயணப் பந்தி: வியட்நாமில் வெளியே சாப்பிடுவது குறித்து வாசகர் கேட்டவை

கேள்வி: நானும் என் கணவரும் பத்து நாள் பயணமாக ஹனோய், டா நாங், ஹோ சி மின் நகரம் ஆகிய மூன்று ஊர்களுக்குப் போகிறோம். இருவரும் சுத்த சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. முன்பு போய்வந்த உறவினர்கள் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். அங்குள்ள உணவகங்களை நம்ப முடியாதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: புளிக்காய்ச்சலை ஒரு சிறிய சம்படத்தில் எடுத்துச் செல்லுங்கள், தவறில்லை. ஆனால் அதை மட்டுமே நம்பிப் பத்து நாளைக் கடத்த வேண்டிய நாடல்ல வியட்நாம். மகாயான பௌத்தம் வேரூன்றிய அந்நாட்டில், மற்ற நாட்களில் புலால் உண்கிறவர்களில் பலர்கூட, சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், அதாவது ஏறத்தாழ நம் அமாவாசையிலும் பௌர்ணமியிலும், மரக்கறி உணவு மட்டுமே உண்கிறார்கள். அந்த உணவுக்கு 'சாய்' என்று பெயர். வடநாட்டார் தேநீருக்குச் சொல்லும் சொல்லைப் போலவே ஒலிக்கும். கடைப் பலகையில் சி, எச், ஏ, ஒய் என்ற நான்கு எழுத்துகளைக் கண்டால் தயங்காமல் உள்ளே போகலாம்.

உங்கள் உறவினர்கள் பட்ட துன்பத்துக்குக் காரணம், அவர்கள் கேட்ட கேள்வியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். "இறைச்சி இருக்கிறதா?" என்று கேட்டால், கடைக்காரர் நேர்மையாகவே "இல்லை" என்பார், ஆனால் நெத்திலியையும் உப்பையும் மரத்தொட்டிகளில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்தெடுக்கும் 'நுவொக் மாம்' என்னும் மீன்சாற்றை அவர் இறைச்சிக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார். அவருக்கு அது நமக்கு உப்பு எப்படியோ அப்படி. பூண்டு தட்டிப்போட்டு வதக்கிய கீரை எல்லா உணவகங்களிலும் கிடைக்கும். அது நம் வள்ளைக்கீரையேதான். பார்த்தால் சைவம்போலவே இருக்கும் அந்தத் தட்டிலும் மீன்சாறோ சிப்பிச் சாறோ கலந்திருக்கக்கூடும். தக்காளிக் குழம்பில் மிதக்கும் சோயா பனீரின் வயிற்றுக்குள் பன்றிக் கொத்துக்கறி அடைத்திருப்பதும் உண்டு. ஹனோயில் புகழ்பெற்ற சேவையும் வறுத்த சோயா பனீரும், புளிக்கவைத்த இறால் விழுது நிரம்பிய கிண்ணத்தோடுதான் வரும்.

ஆகவே எதை விலக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுச் சொல்லாமல், "தோய் அன் சாய்" என்று சொல்லுங்கள். "நான் மரக்கறி உண்பவள்" என்பது பொருள். வியட்நாம் மொழியில் தொனி மாறினால் பொருளும் மாறிவிடும். நல்லவேளையாக இம்மூன்று சொற்களும் ஏற்ற இறக்கமில்லாத சமத் தொனியில் அமைந்தவை என்பதால் நம் நாவுக்கும் எளிதாக வந்துவிடும். சாய் கடைகளில் மீன்சாற்றுக்குப் பதில் சோயா சாறு ஊற்றுவார்கள். காளான், முள்ளங்கி முதலியவற்றைக் கொதிக்கவைத்து ரசம் எடுப்பார்கள். கோயில் மரபைப் பின்பற்றும் சில கடைகளில் வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. முட்டை, பால் விஷயத்தில் கடைக்குக் கடை வழக்கம் வேறுபடுவதால் அதைத் தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது. தட்டில் இறாலின் வடிவில் ஏதாவது கிடந்தால் பதற வேண்டாம்; மாவையும் சோயாவையும் கொண்டு புலாலைப்போலவே உருவம் செய்வதில் அந்தச் சமையற்காரர்களுக்குத் தனிப் பெருமை உண்டு. (எனக்கு அந்தப் பெருமை இன்னும் பிடிபடவில்லை.)

அரிசி மாவில் மஞ்சள் கலந்து, 'செய்யோ' என்ற சத்தத்தோடு வார்க்கும் 'பான் செய்யோ' பார்வைக்கு நம் தோசை. வழக்கமாகப் பன்றி இறைச்சியும் இறாலும் வைத்து மடிப்பார்கள் என்பதால், சாய் கடையில் மட்டும் சாப்பிடுங்கள். இடியாப்பத்தின் உடன்பிறப்பான 'பான் ஹோய்' கிடைத்தால் விடாதீர்கள். ஹனோயில் காப்பி குடிக்கும்போதும் கவனம் வேண்டும்: 1946ஆம் ஆண்டு பால் தட்டுப்பாட்டின்போது, பாலுக்குப் பதிலாக முட்டையின் மஞ்சள் கருவை நுரைக்க அடித்துச் சேர்த்த காப்பி, இன்று அந்நகரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

கேள்வி: நடைபாதையில் சிறிய பிளாஸ்டிக் முக்காலி போட்டிருக்கும் கடைகளில் சாப்பிடலாமா? பனிக்கட்டி பாதுகாப்பானதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தாராளமாகச் சாப்பிடலாம். ஒரே ஒரு பண்டத்தை மட்டும் விற்கும் கடையை, உள்ளூர்க்காரர்கள் கூடும் நேரத்தில் தேடிப் போங்கள். எலும்பும் அன்னாசிப்பூவும் பட்டையும் மணிக்கணக்கில் கொதிக்கும் சாற்றில் அரிசிச் சேவை சேர்த்த 'ஃபோ', காலை உணவாகவே பெரிதும் உண்ணப்படுகிறது. அண்டா காலியானதும் கடையைக் கட்டிவிடுகிறவர்களும் உண்டு. நடுவில் துளையுள்ள உருளைப் பனிக்கட்டி ஆலையில் செய்தது. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீரை மட்டும் குடிக்காதீர்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு ஒரு கடற்கரை உணவகத்தில், நாங்கள் கேட்காமலே மேசையில் வைத்த ஈரத் துவாலைக்கும் வேர்க்கடலைக்கும் பணம் வாங்கிவிட்டார்கள். இது ஏமாற்று வேலை அல்லவா?
– வாசகர், மதுரை

பதில்: எனக்கும் முதல் முறை அப்படித்தான் தோன்றியது, ஆனால் அது அந்நாட்டு வழக்கம். உறையைப் பிரித்தால்தான் கணக்கில் ஏறும். வேண்டாதவர்கள் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டால் போதும். உண்மையில் விழிப்பாக இருக்க வேண்டியவை வேறு இரண்டு. உயிருடன் தொட்டியில் நீந்தும் மீனையும் நண்டையும் எடைக்கு விற்பார்கள் என்பதால், கிலோ விலையைக் கேட்டு, கண்முன்னே நிறுக்கச் செய்த பிறகே சமைக்கச் சொல்ல வேண்டும். அடுத்தது, நோட்டு. 20,000 டாங், 5,00,000 டாங் இரண்டும் நீலச் சாயல் கொண்டவை. முன்னது ஏறத்தாழ 70 ரூபாய், பின்னது ஏறத்தாழ 1,700 ரூபாய். மங்கலான வெளிச்சத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டு மறுநாள் தலையில் கைவைப்பவர்கள் ஏராளம். இரண்டையும் பணப்பையில் தனித்தனி அறைகளில் வையுங்கள்.

கேள்வி: குழந்தைகளுடன் போகிறோம்; மூன்றாம் நாளே சலித்துவிடுவார்கள். வேற்று நாட்டு உணவும் நம் உணவும் கிடைக்குமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கிடைக்கும். ஹோ சி மின் நகரில் லே தான் தோன் தெருவின் சந்துகள் ஜப்பானிய உணவுக்கும், தாவோ தியென் பகுதி ஐரோப்பிய உணவுக்கும் பெயர்பெற்றவை. ஹனோயில் தாய் ஹோ ஏரியைச் சுற்றிப் பாருங்கள். 2023ஆம் ஆண்டு, சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் மிஷலின் கையேடு முதன்முறையாக வியட்நாமுக்கு வந்தபோது நட்சத்திரம் பெற்ற நான்கு உணவகங்களில் ஒன்று ஜப்பானிய உணவகம் என்பதே நிலைமையைச் சொல்லிவிடும். ஆயினும் குழந்தைகளுக்கு முதலில் 'பான் மி' வாங்கிக் கொடுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற நீள ரொட்டியைப் பிளந்து, காடியில் ஊறிய கேரட்டும் கொத்தமல்லியும் திணித்துத் தருவார்கள்.

நம் உணவைப் பொறுத்தவரை, ஹோ சி மின் நகருக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தாரும், புதுச்சேரித் தமிழரும், தென்னிந்திய முஸ்லிம் வணிகரும் அப்போதைய சைகோனில் வாழ்ந்தனர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் டோங் சூ தெருவில் இன்றும் இருக்கிறது. ஹலால் உணவு தேடுவோர் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே போகலாம். தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப்புல்லும் சேர்த்த கோழிக்குழம்பை அங்கே 'கா ரி' என்பார்கள். ரொட்டியைத் தோய்த்து உண்பார்கள். காரம் குறைவு என்பதால் குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

கேள்வி: பரிமாறுபவரை எப்படி அழைப்பது?
– வாசகி, சேலம்

பதில்: நம்மைப்போலவே உறவுமுறை சொல்லித்தான். வயதில் இளையவர் என்றால் ஆணோ பெண்ணோ 'எம் ஓய்', மூத்த பெண் என்றால் 'சி ஓய்'. நம் காதுக்கு அந்த 'ஓய்' சற்றே மரியாதைக் குறைவாகப் படலாம். அங்கே அது வெறும் விளி. சத்தமாகச் சொல்லுங்கள், மெல்லிய குரலில் கை தூக்கிக் காத்திருப்பவர்களைக் கூட்ட நேரத்தில் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.