சிங்கப்பூரிலிருந்து ஃபயர்வால், வி.பி.என். கருவிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி வேண்டுமா? சரக்கு முகவரின் சொல் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது: காக்கி புக்கிட்டில் இயங்கும் உங்கள் சிறிய நிறுவனம், அமெரிக்க உற்பத்தியாளர் ஒருவரிடமிருந்து ஃபயர்வால், ரூட்டர், சுவிட்ச், வி.பி.என். கருவிகளை வாங்கிச் சென்னை, கொழும்பு, யாங்கோன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புகிறது. “இவை எங்கும் விற்கிற சாதாரணச் சாமான்கள், பெர்மிட் வேண்டாம்” என்று சரக்கு முகவர் சொல்கிறார். சென்னையில் இருக்கும் உங்கள் பொறியாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் மென்பொருளும் ஏற்றுமதியாகக் கருதப்படுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முகவரின் சொல்லை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். சில பெட்டிகளைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் சிங்கப்பூரின் மின்னணு வணிக அனுமதித் தளமான டிரேட்நெட்டில் விண்ணப்பத்தை நிரப்புபவர் அவராக இருந்தாலும், ஏற்றுமதியாளர் என்று அதில் பதிவாவது உங்கள் நிறுவனத்தின் பெயரும் யூ.இ.என். என்ற பதிவு எண்ணும்தான், அந்தப் பெட்டிக்குள் என்ன மறையாக்கம் (என்கிரிப்ஷன்) இருக்கிறது என்பதை அறியும் வாய்ப்பு அவருக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. நான் இதே துறையில், இங்குள்ள விநியோக நிறுவனங்களில், ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். சிறிய நிறுவனங்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றே: ஒரு கேள்விக்கு ஒரே பதில் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் உங்கள் பெட்டி ஒரே நேரத்தில் இரண்டு சட்டங்களுக்குக் கட்டுப்பட்டது. ஒன்றில் தடையில்லை என்பது மற்றொன்றில் தடையில்லை என்று ஆகாது.

முதலாவது சிங்கப்பூரின் சட்டம். 2002இல் இயற்றப்பட்டு 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் உத்திமுறைப் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டத்தைச் சுங்கத்துறை செயல்படுத்துகிறது. ஆயுதங்கள், இருபயன் பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்பாடான வாசெனார் ஏற்பாட்டில் சிங்கப்பூர் உறுப்பினர் இல்லை. ஆனாலும் சிங்கப்பூரின் இருபயன் பொருள் பட்டியல் (குடிமைப் பயன்பாட்டுக்கும் இராணுவப் பயன்பாட்டுக்கும் உதவும் பொருள்களின் பட்டியல்) அந்த ஏற்பாட்டையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலையும் ஒட்டியே அமைந்திருக்கிறது. உங்களுக்கு உரியது ஐந்தாம் பிரிவு: அதன் முதற்பகுதி தொலைத்தொடர்பு, இரண்டாம் பகுதி தகவல் பாதுகாப்பு. கருவிகள் 5ஏ002 என்ற எண்ணிலும், மென்பொருள் 5டி002இலும், தொழில்நுட்பம் 5இ002இலும் வரும். பட்டியலில் இடம்பெற்ற பொருள் எந்த நாட்டுக்குச் சென்றாலும், நட்பு நாடாக இருந்தாலும், அனுமதி வேண்டும். “இந்தியாவுக்குத்தானே அனுப்புகிறோம்” என்ற சமாதானம் இங்கே செல்லாது.

எது பட்டியலில் வரும்? தரவின் இரகசியத்தைக் காப்பதற்காக, பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி கொண்ட சமச்சீர் முறையில் 56 பிட்டுக்கு மேற்பட்ட சாவியைப் பயன்படுத்துவது முதல் அளவுகோல். பூட்டுவதற்கும் திறப்பதற்கும் வெவ்வேறு சாவி கொண்ட ஆர்.எஸ்.ஏ. போன்ற முறைகளுக்கு 512 பிட், நீள்வளைவு முறைகளுக்கு 112 பிட் என்பவை மற்ற எல்லைகள். 56 பிட் என்பது 1977இல் வெளியான டி.இ.எஸ். என்ற மறையாக்கத் தரத்தின் சாவி நீளம். 1998இலேயே இணைய உரிமை அமைப்பான எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் கட்டிய ஒரு கணினி அதை மூன்று நாளுக்குள் உடைத்துக் காட்டிவிட்டது. இன்று விற்கும் எந்தப் பெட்டியிலும் 128 அல்லது 256 பிட் ஏ.இ.எஸ். மறையாக்கம் இருக்கும் என்பதால், இந்த எல்லை ஏறத்தாழ எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. என் தனிப்பட்ட கருத்தில், இவ்வளவு பழைய எல்லையை வைத்துக்கொண்டு விதிவிலக்குகளால் சமன் செய்வது நல்ல சட்டமுறை அல்ல. வலுவற்ற மறையாக்கத்தை மட்டுமே வெளிநாடுகளுக்கு விற்கலாம் என்று அமெரிக்கா 1990களில் விதித்த கட்டுப்பாட்டின் எச்சங்கள், 2015இல் ஃபிரீக், லாக்ஜாம் என்ற தாக்குதல்களாக வெளிப்பட்டு, அமெரிக்காவுக்குள் இருந்த இணையதளங்களையும் சேர்த்தே பாதித்தன. ஆனாலும் இன்று நடப்பில் உள்ள எல்லை 56 பிட்தான்; நாம் அனுப்பும் பொருளை அதை வைத்தே அளக்க வேண்டும்.

ஆகவே உண்மையான வேலை விதிவிலக்குகளைப் படிப்பதில் இருக்கிறது. உங்கள் முகவர் சொன்ன ‘எங்கும் விற்கிற சாமான்’ என்பது தகவல் பாதுகாப்புப் பகுதியில் உள்ள மூன்றாம் குறிப்பைச் சார்ந்தது. அந்தக் குறிப்பின் நிபந்தனைகள் அவர் நினைப்பதைவிடக் குறுகியவை: பொருள் எந்தத் தடையும் இல்லாமல் சில்லறை விற்பனை இடங்களில் இருப்பிலிருந்தே பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டும், அதன் மறையாக்கச் செயல்பாட்டைப் பயனர் எளிதில் மாற்ற முடியாததாக இருக்க வேண்டும், விற்பவரின் பெரிய உதவி இல்லாமலே பயனர் தானே நிறுவிக்கொள்ள முடிய வேண்டும், அதிகாரிகள் கேட்டால் விவரங்களைக் கொடுக்க முடிய வேண்டும். சிம் லிம் ஸ்குவேரில் விலைச்சீட்டோடு அடுக்கி வைத்திருக்கும் வீட்டு வைஃபை ரூட்டர் இதில் அடங்கும். கூட்டாளர் வழியாக மட்டும் விலைப்புள்ளி கேட்டு வாங்கி, பொறியாளர் ஒருவர் நேரில் சென்று நிறுவித்தரும் பெருநிறுவன ஃபயர்வால் பொதுவாக அடங்காது. இரண்டிலும் இருப்பது அதே ஏ.இ.எஸ். என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

சுவிட்ச்சுகளைப் பொறுத்தவரை வேறொரு விதிவிலக்கு உங்களுக்கு உதவலாம். ரூட்டர், சுவிட்ச் ஆகியவற்றின் பாதுகாப்புச் செயல்பாடு, கருவியை இயக்குதல், நிர்வகித்தல், பராமரித்தல் என்ற அளவோடு நின்று, வெளியிடப்பட்ட அல்லது வணிகத் தரமுறைகளை மட்டுமே பயன்படுத்தினால், அவை 5ஏ002இல் வருவதில்லை. எஸ்.எஸ்.ஹெச். என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக நிர்வாகி உள்நுழைவதற்கு மட்டும் மறையாக்கம் உள்ள சுவிட்ச் இப்படிப்பட்டது. அதே வரிசையில் மேக்செக் அல்லது ஐபிசெக் என்ற மறையாக்க முறையைக் கொண்டு பயனரின் போக்குவரத்தையே மறையாக்கும் மாடல் இருந்தால், அதற்கு இந்த விலக்கு கிடைக்காது. மாடல் எண்ணின் கடைசி எழுத்து ஒன்று மாறினாலே வகை மாறிவிடக்கூடும் என்பதால், மாடல் வரிசையின் பொதுப்பெயரை வைத்து முடிவு செய்யாமல் ஒவ்வொரு பார்ட் நம்பருக்கும் தனித்தனியாக உற்பத்தியாளரின் வகைப்பாட்டுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். உரிமச் சாவிகளையும் மறந்துவிடாதீர்கள். மறையாக்கம் முடக்கப்பட்ட நிலையில் பெட்டியை அனுப்பி, அதை இயக்கிவிடும் சாவியைப் பிறகு மின்னஞ்சலில் அனுப்பும் வழக்கம் நம் துறையில் பரவலாக இருக்கிறது. அப்படி இயக்கிவிடும் சாவியும் பட்டியலில் கட்டுப்படுத்தப்பட்ட ஒன்றுதான்.

இனி இரண்டாவது சட்டம். அமெரிக்காவில் உருவான பொருள் உலகில் எங்கே இருந்தாலும் அந்நாட்டு வணிகத் துறையின் ஏற்றுமதி நிர்வாக விதிகளுக்கு உட்பட்டது; நீங்கள் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு அனுப்புவது அந்த விதிகளின் பார்வையில் மறு ஏற்றுமதி. உற்பத்தியாளரின் தாளில் 5ஏ992 என்று இருந்தால், அமெரிக்கா அதைப் பொதுச்சந்தைப் பொருளாக ஏற்றிருக்கிறது என்று பொருள். சிங்கப்பூர்ப் பட்டியலில் 992 என்ற வரிசையே கிடையாது; ஆகவே அந்த எண் இங்குள்ள கேள்விக்கு விடையாகாது. 5ஏ002 என்று இருந்தால், பெரும்பாலும் மறையாக்கப் பொருள்களுக்கான இஎன்சி என்ற உரிம விதிவிலக்கின்கீழ் அது பயணம் செய்யும். அந்த விதிவிலக்கிலும் படிநிலைகள் உண்டு. அதிவேக நெட்வொர்க் உள்கட்டமைப்புக் கருவிகளைக் குறிப்பிட்ட சில நட்பு நாடுகளுக்கு வெளியே உள்ள அரசாங்கப் பயனர்களுக்கு விற்க, தனி உரிமம் தேவைப்படும். அந்த நட்பு நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை. ஆகவே இங்குள்ள ஓர் அரசாங்க அமைப்புக்கு உள்ளூரிலேயே விற்றாலும் இந்தக் கேள்வி எழும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

‘அரசாங்கம்’ என்பதற்கு அந்த விதிகள் தரும் வரையறை, நாம் பேச்சில் கொள்ளும் பொருளிலிருந்து வேறுபட்டது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள், வங்கிகள், போக்குவரத்து, கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள் ஆகியவை அரசுக்குச் சொந்தமாக இருந்தாலும் அதில் சேர்வதில்லை. சென்னையில் ஒரு பல்கலைக்கழகமோ அரசு மருத்துவமனையோ வாங்கினால் ஒரு விடை. ஒரு காவல்துறைப் பிரிவோ தலைமைச் செயலகமோ வாங்கினால் மற்றொரு விடை. விநியோகஸ்தரின் பெயரில் வரும் ஆர்டரில் இது தெரியாது. இறுதிப் பயனர் யார், எந்தக் கட்டடத்தில் எதற்காகப் பொருத்துகிறார் என்பதை அவரே கையெழுத்திட்டுத் தரும் அறிக்கையில்தான் தெரியும். 2014இல் இன்டெலின் துணை நிறுவனமான விண்ட் ரிவர், மறையாக்கம் கொண்ட மென்பொருளை உரிமமின்றிச் சீனா, ரஷ்யா, இஸ்ரேல், தென்கொரியா உள்ளிட்ட நாடுகளின் அரசாங்கப் பயனர்களுக்கும் மற்றவர்களுக்கும் அனுப்பியதற்காக 750,000 டாலர் அபராதம் செலுத்தியது. குற்றத்தைத் தானே முன்வந்து தெரிவித்த நிறுவனம் அது. அதற்குப் பிறகும் விதிக்கப்பட்ட தொகை இது.

நமக்கு இன்னும் நெருக்கமான நிகழ்வு 2017 ஜூலையில் நடந்தது. சிங்கப்பூரின் சிஎஸ்இ குளோபலும் அதன் துணை நிறுவனமான சிஎஸ்இ டிரான்ஸ்டெல்லும், அமெரிக்காவின் தடைக்கு உட்பட்ட ஈரானில் எரிசக்தித் திட்டங்களுக்குத் தொலைத்தொடர்புக் கருவிகளை நிறுவித் தந்தன. அதற்கான கொடுப்பனவுகளைச் சிங்கப்பூர் வங்கி ஒன்றின் வழியாக அமெரிக்க டாலரில் அனுப்பியதால், அமெரிக்கக் கருவூலத் துறையுடன் 12 மில்லியன் டாலருக்குச் சற்று அதிகமான தொகைக்குத் தீர்வு காண வேண்டியதாயிற்று. அங்கே வழக்குக்கு அடிப்படையாக இருந்தது பெட்டி அல்ல, டாலர். உங்கள் விலைப்பட்டியல் எந்த நாணயத்தில் இருக்கிறது என்பதையும் ஏற்றுமதிச் சோதனையின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

யாங்கோன் ஆர்டரைப் பற்றி நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2021 மார்ச்சில் அமெரிக்கா மியன்மாரைக் கடுமையான நாட்டுக் குழுவுக்கு மாற்றியதோடு, இராணுவப் பயன்பாடு, இராணுவப் பயனர் தொடர்பான கட்டுப்பாடுகளையும் அதன்மீது விதித்தது. அதன்படி, வேறு நாட்டுக்கு உரிமம் இல்லாமல் செல்லக்கூடிய பொருள்கள் பலவும், அங்கே இராணுவத்தோடு தொடர்புள்ளவர் வாங்கினால் உரிமத்துக்கு உட்படும். நான் பணிபுரிந்த ஒரு நிறுவனத்துக்கு வெளிநாட்டு வணிக நிறுவனம் ஒன்றிலிருந்து ஃபயர்வால் ஆர்டர் வந்தது. நிறுவுதல் சேவை வேண்டாம், உத்தரவாதம் வேண்டாம், விநியோக முகவரி ஒரு கிடங்கு, விலையில் பேரமே இல்லை. இறுதிப் பயனர் அறிக்கை கேட்டோம். அதற்குப் பிறகு கடிதமே வரவில்லை. வாங்குபவர் தனக்குப் பயன்படும் எதையும் கேட்காமல் பெட்டியை மட்டும் கேட்டால் நின்று விசாரியுங்கள். பல ஆண்டுப் பழக்கமுள்ள வாடிக்கையாளராக இருந்தாலும், சட்டம் ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது.

ரஷ்யாவிலிருந்து விசாரணை வந்தால் ஆராய்ச்சிக்கு இடமில்லை. 2022 மார்ச் 5 அன்று சிங்கப்பூர் அரசு, இராணுவப் பொருள் பட்டியல் முழுவதையும், இருபயன் பட்டியலின் மின்னணுவியல், கணினி, தொலைத்தொடர்பு மற்றும் தகவல் பாதுகாப்புப் பிரிவுகளில் உள்ள அனைத்தையும் அங்கே அனுப்பத் தடை விதிப்பதாக அறிவித்தது. வட கொரியாவுடனான வணிகம் 2017 முதலே நிறுத்தப்பட்டிருக்கிறது.

மின்னஞ்சல் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை: ஆம், அதுவும் சட்டத்துக்குள் வரும். கட்டுப்படுத்தப்பட்ட மென்பொருளையோ தொழில்நுட்பத்தையோ சிங்கப்பூரிலிருந்து மின்னணு வழியில் அனுப்புவதும், வெளிநாட்டில் இருப்பவர் எடுத்துக்கொள்ளும்படி சர்வரில் வைப்பதும், பெட்டியைக் கப்பலில் ஏற்றுவதற்கு நிகராகவே கருதப்படுகின்றன. விற்பனைக் கையேடு, பொதுவெளியில் உள்ள ஆவணம் ஆகியவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. மறையாக்கப் பகுதியின் மூலநிரல், வடிவமைப்பு விவரம், ஃபர்ம்வேர் கோப்பு ஆகியவற்றைப் பகிருமுன் அவற்றின் எண்ணைப் பார்த்துவிடுங்கள். சென்னையிலிருந்து உங்கள் பொறியாளர்கள் மேலும் எங்காவது அனுப்பினால் அங்கே இந்தியாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலான ஸ்கோமெட் குறுக்கிடும். 2017 டிசம்பரில் இந்தியா வாசெனாரில் சேர்ந்துவிட்டது.

தண்டனையைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே முதற்குற்றத்துக்கு 100,000 வெள்ளி அல்லது சரக்கு மதிப்பின் மூன்று மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பெட்டிகள் விலை உயர்ந்தவை என்பதால் மூன்று மடங்கு என்பது ஒரு சிறிய நிறுவனத்தை மூடிவிடப் போதுமானது.

இந்த வாரமே நீங்கள் செய்யக்கூடியது: யாங்கோன் சரக்கை நிறுத்திவைத்துவிட்டு, இருப்பில் உள்ள ஒவ்வொரு பார்ட் நம்பருக்கும் இரு நாட்டு எண்களையும், எந்த விதிவிலக்கின் அடிப்படையில் முடிவு செய்தீர்கள் என்பதையும் ஒரே அட்டவணையில் எழுதுங்கள். அந்த அட்டவணையை முகவருக்கு நீங்கள் கொடுங்கள். வகைப்பாட்டை அவரிடமிருந்து வாங்காதீர்கள். இறுதிப் பயனர் அறிக்கை, விலைப்பட்டியல், பெர்மிட், உற்பத்தியாளரின் தாள் ஆகியவற்றை ஐந்தாண்டுகள் பாதுகாத்து வையுங்கள். உங்களால் தீர்மானிக்க முடியாத மாடல் ஏதேனும் இருந்தால், உற்பத்தியாளரின் எழுத்துப்பூர்வமான பதில் வரும் வரை அது கிடங்கிலேயே இருக்கட்டும்.