அல்சேஷன் கிறோஸா, ஊர் நாயா?

கேள்வி: என் தம்பி கிளிநொச்சியில் ஒருவரிடம் 15,000 ரூபா கொடுத்து ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தான். தகப்பன் அல்சேஷன், தாய் ஊர் நாய், இரண்டு மாதக் குட்டி என்று சொல்லிக் கொடுத்தார்களாம். வாங்கி ஆறு கிழமை ஆகிறது. மண்ணிறம், மூஞ்சி மட்டும் கறுப்பு. ஒரு காது நிமிர்ந்துவிட்டது, மற்றது மடிந்தபடியே இருக்கிறது. வால் முதுகுக்கு மேல் சுருள்கிறது. நாக்கில் ஒரு கறுப்புப் புள்ளி. அயலில் எல்லோரும் "ஊர் நாய்க்குப் பதினையாயிரமோ?" என்று சிரிக்கிறார்கள். மகன் இதற்காகப் பள்ளிக்கூடத்தில் சண்டை பிடித்துக்கொண்டு வருகிறான். தம்பி குட்டியைக் கச்சான் தோட்டக் காவலுக்குக் கட்டப் போகிறேன் என்கிறான். இது உண்மையில் என்ன சாதி நாய்? டி.என்.ஏ. பார்க்கலாமா?
— வாசகி, விசுவமடு

பதில்: தங்கச்சி, முதலில் அந்த மடிந்த காதை யாராவது பிளாஸ்டர் ஒட்டி நிமிர்த்த வந்தால் தடுத்துவிடுங்கள். அப்படி ஒட்டச் சொல்ல ஊருக்கு ஓர் ஆள் இருப்பார். பல் விழுந்து முளைக்கிற காலத்தில் அசல் அல்சேஷன் குட்டிக்கே காது இன்றைக்கு நிற்கும், நாளைக்குச் சாயும். ஊர் நாய்களிலோ ஒரு காது நிமிர்ந்தும் மற்றது பாதி மடிந்தும் ஆயுள் முழுக்கத் திரிகிறவை எத்தனையோ. காதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

தம்பியை மயக்கியது அந்தக் கறுப்பு மூஞ்சியாகத்தான் இருக்கும். அல்சேஷனுக்கு அது உண்டு என்பது உண்மை. ஆனால் கறுப்பு மூஞ்சிக்கான மரபணு தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், குட்டியில் தெரிந்துவிடும். நம் ஊர் நாய்களிடமும் அது தாராளமாக இருக்கிறது. பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் தேநீர்க்கடை வாசலில் படுத்திருப்பவற்றைப் பாருங்கள், ஒன்றாவது கண்ணில் படும். நாக்குப் புள்ளிக்கு உங்கள் அயலவர்கள் 'கருநாக்கு' என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். அது மச்சம் மாதிரி. அல்சேஷனிலும் வரும், லாப்ரடோரிலும் வரும், ஊர் நாயிலும் வரும். வால் சுருள்வது மட்டும் கொஞ்சம் ஊர்ப் பக்கம் சாய்கிறது, ஏனென்றால் அல்சேஷனின் வால் கீழே தொங்கும். ஆனால் தாய் ஊர் நாய் என்று விற்றவரே சொல்லிவிட்டாரே. தாயின் வால் வந்தால் தகப்பன் இல்லை என்று ஆகிவிடாது.

அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பசென்ஜி என்ற ஆப்பிரிக்க நாயையும் கொக்கர் ஸ்பானியலையும் இணைத்து, தலைமுறை தலைமுறையாகக் குட்டிகளைக் கவனித்து 1965இல் புத்தகமாக எழுதினார்கள். முதல் தலைமுறைக் குட்டிகளே தாயைப் போலவும் இல்லை, தகப்பனைப் போலவும் இல்லை. அவற்றின் குட்டிகளோ ஆளுக்கொரு தினுசு. படத்தைக் காட்டிப் பெற்றோர் யார் என்று கேட்டால் ஊகிக்கவே முடியாது. இரண்டே இனம் கலந்ததற்கே இந்தக் கதி. நானும் இத்தனை வருடம் மிருக வைத்தியம் பார்த்தவன்தான், பார்த்தவுடன் இனம் சொல்லிப் பல தடவை அசடு வழிந்திருக்கிறேன்.

விற்றவர் பொய் சொன்னார் என்றும் நான் சொல்ல வரவில்லை. அவர் நம்பியே சொல்லியிருக்கலாம். பெட்டை நாய்க்குப் பருவம் வந்தால் மூன்று கிழமை அளவுக்கு நீளும். அந்த நாட்களில் அயலில் உள்ள ஆண் நாய்கள் எல்லாம் வேலியோரம்தான். ஒரே ஈற்றில் இரண்டு மூன்று தகப்பன்களின் குட்டிகள் பிறப்பது நாய்களில் சாதாரணம். அல்சேஷனோடு சேர்ந்ததை வீட்டுக்காரர் கண்டிருப்பார். இரவில் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து போனவரை யார் கண்டது?

மாங்குளம் பக்கம் வேலை செய்த காலத்தில் என்னிடம் கொண்டுவந்த குட்டிகளில் பாதிக்குத் தகப்பன் 'கண்ணிவெடி நாய்'. வெடி அகற்ற வன்னிக்கு நாய்கள் வந்தது மெய். ஆனால் அவை பகலில் கயிற்றோடு வேலை செய்து, இரவில் கூட்டில் அடைபடுகிறவை. ஒட்டுசுட்டானிலும் மல்லாவியிலும் முழங்காவிலிலும் ஒரே நேரத்தில் குடும்பம் நடத்த அவற்றுக்கு ஏது நேரம்? சிரித்துக்கொண்டேதான் ஊசி போட்டு அனுப்புவேன்.

இன்னொன்று. 'சாதி நாய்' என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், அந்தச் சொல்லை மட்டும் எனக்குப் பிடிப்பதில்லை. இந்தச் 'சாதி' எல்லாம் நேற்றுப் பிறந்தவை. அல்சேஷன் 1899இல் ஒரு ஜெர்மன் இராணுவ அதிகாரி ஆட்டு மந்தை நாய்களைப் பொறுக்கித் தொடக்கிய இனம். முதலாம் உலகப் போரில் ஜெர்மன் என்ற பெயர் கூசியதால் ஆங்கிலேயர் அதை அல்சேஷன் ஆக்கினார்கள். 1977இல் அவர்களே ஜெர்மன் ஷெப்பர்ட் என்ற பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள், நாங்கள்தான் விடவில்லை. டோபர்மானைக் கேட்கவே வேண்டாம். அப்போல்டா என்ற ஊரில் வரி அறவிட்டுத் திரிந்த ஒருவர் தன் காவலுக்காகப் பல நாய்களைக் கலந்து உண்டாக்கியது. எதையெதைக் கலந்தார் என்று அவர் எழுதிவைக்கவில்லை, இன்றுவரை ஊகம்தான். உங்கள் குட்டி மாதிரியே!

ஊர் நாய் அப்படி எவரும் கலந்து செய்ததல்ல. இந்த இனங்கள் உருவாவதற்கு மிக முன்பிருந்தே மனிதர்களுக்குப் பக்கத்தில் தன்பாட்டில் பெருகி வந்த கூட்டம். வன்னியில் அதன் வம்சத்தைத் தேடினால் வழியிலேயே அறுந்துவிடும். 2009இல் சனம் இடம்பெயர்ந்தபோது நாய்களை வளவில் விட்டுவிட்டுத்தான் போனது. திரும்பி வந்து தறப்பாள் கொட்டில் போட்டபோது வாசலில் வந்து படுத்தது யார் வீட்டு நாயின் குட்டி என்று எவர் விசாரித்தார்?

டி.என்.ஏ. பார்க்கலாம். கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அவர்கள் ஒப்பிடுவது தங்களிடம் பதிவான இனங்களோடு. தகப்பன் அசல் அல்சேஷன் என்றால் பாதியளவு பளிச்சென்று தெரியும். இல்லையென்றால் 'கிராமத்து நாய்' என்றோ, நாலைந்து இனத்தின் பெயரைச் சின்னச் சின்ன வீதங்களில் போட்டோ வரும். அந்தச் சின்ன வீதங்களை நம்பாதீர்கள். டொலரில் காசு கட்டி அதைத் தெரிந்துகொள்வதை விட, உங்கள் ஊர் நெல் ஆலைத் தராசு போதும்.

எப்படியென்றால், விற்றவர் சொன்ன கணக்குப்படி இன்னும் இரண்டு கிழமையில் குட்டிக்கு நாலு மாதம். முதலில் வாயைத் திறந்து பாருங்கள். நாலு மாதம் அளவில் முன்பற்கள் விழுந்து முளைக்கும். கோரைப்பல் மாறுவது அதற்குப் பிறகு, ஐந்து ஆறு மாதத்தில். இப்போதே கோரைப்பல் மாறியிருந்தால் வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வயது சரியென்றால், மகன் குட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறட்டும். பிறகு தனியே ஏறட்டும். வித்தியாசம்தான் குட்டி. நாலு மாதத்தில் குட்டி ஏறக்குறைய வளர்ந்த எடையில் பாதி இருக்கும். ஆண் அல்சேஷன் வளர்ந்தால் 30 முதல் 40 கிலோ, பெட்டை 22 முதல் 32. ஊர் நாய் பெரும்பாலும் 15 கிலோவைச் சுற்றி. உங்கள் குட்டி 11, 12 கிலோ காட்டினால் தம்பியின் காசுக்கு நியாயம் உண்டு. 6, 7 என்றால் அயலவர்கள் சொல்வதுதான் சரி. வயிற்றில் பூச்சி இருந்தால் எடை குறைத்துக் காட்டும், அதனால் இப்போதே பூச்சிக் குளிசை கொடுத்துவிட்டு, நாலு மாதம் ஆனதும் நிறுங்கள்.

எது வந்தாலும் காசைத் திருப்பிக் கேட்கப் போகாதீர்கள். கலப்புக் குட்டிக்கு 'பேப்பர்' (இனச் சான்றிதழ்) கிடையாது, எதைக் காட்டி வாதாடுவது?

தோட்டக் காவல் பற்றித் தம்பிக்கு ஒரு வார்த்தை. அல்சேஷன் இரத்தம் இருந்தால் தானாகக் காவல் காக்கும் என்று அவர் நினைக்கிறார். 2022இல் ஆயிரக்கணக்கான நாய்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தால் விளக்கக் கூடியது ஏறத்தாழ 9 வீதம்தான் என்று வந்தது. மற்றதெல்லாம் அந்த நாயும் அதை வளர்த்த விதமும். இந்த வயதில் தனியே தோட்டத்தில் சங்கிலியில் கட்டினால் காவல் நாய் வராது. பயந்து குரைக்கிற, கைக்குள் வராத நாய்தான் வரும். பகலில் உங்களோடு தோட்டத்துக்கு வரட்டும், போகட்டும். குரங்கையும் பன்றியையும் துரத்தத் தானாகப் பழகும். யானை வருகிற பக்கமென்றால் மட்டும் இரவில் நாயை அவிழ்த்துவிட்டு அதன் பின்னால் போகவே கூடாது. நாய் யானையைச் சீண்டிவிட்டு நேரே தன் ஆளிடம்தான் ஓடிவரும், பின்னால் யானை வரும்.

நீங்கள் கேட்காமல் விட்டது ஊசி. விசர்நாய் ஊசி இன்னும் போடவில்லையென்றால் இந்தக் கிழமையே பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) கேளுங்கள், அரசாங்கம் இலவசமாகத்தான் போடுகிறது. அட்டையைப் பத்திரமாக வைத்து வருடாவருடம் போடுங்கள். ஆனால் அதைப் போட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இரத்தமாகக் கழிந்து இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோகிற பார்வோவுக்கு அது உதவாது. அதற்கு வேறு ஊசி, மிருக வைத்தியரிடம் காசுக்கு, தவணை தவணையாக. 15,000 கொடுத்தவர் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நிறுத்துவிட்டு எத்தனை கிலோ என்று எழுதுங்கள். 11க்கு மேல் என்றால் உங்கள் அயலவர்களுக்கு நானே ஒரு கடிதம் போடுகிறேன். 7க்குக் கீழே என்றால் மகனிடம் மட்டும் சொல்லுங்கள், தம்பிக்கு மெல்லத் தெரியட்டும்.