எந்த ஊரில் உறங்கப் போகிறீர்கள்? – ஸ்பிதிப் பயணம் பற்றி வாசகர் கேள்விகள்

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு வழிகாட்டியுடன் காரிலும் வேனிலும் செல்லும் பயணங்கள் குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி (வாசகர், திருச்சி): நானும் என் மனைவியும், அறுபதைக் கடந்த என் பெற்றோரும் ஸ்பிதிக்குச் செல்ல விரும்புகிறோம். ஒரு நிறுவனம் மணாலியில் புறப்பட்டு மணாலிக்கே திரும்பும் ஐந்து இரவுப் பயணத்தைச் சொல்கிறது. இன்னொன்று சிம்லா வழியாக உள்ளே சென்று மணாலி வழியாக வெளியேறும் ஒன்பது இரவுப் பயணத்தைச் சொல்கிறது. இரண்டிலும் பார்க்கும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றே. கட்டணம் மட்டும் இரண்டாவதில் மிகவும் அதிகம். கூடுதல் பணம் கொடுப்பதில் பொருள் உண்டா?

பதில்: உண்டு. பெற்றோரை அழைத்துச் செல்வதாக இருந்தால் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். விளம்பரத் தாளில் கீ மடாலயம், ஹிக்கிம் அஞ்சலகம், சந்திரதால் ஏரி என்று படங்கள் வரிசையாக இருக்கும். எந்தெந்த ஊரில் இரவு தங்குவீர்கள், அந்த ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. ஆனால், பயணம் நன்றாக அமையுமா, பாதியில் படுத்துக்கொள்ள நேருமா என்பதை முடிவு செய்வது அந்த விவரம்தான்.

மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு ரோதாங் கணவாயில் ஏறாமலேயே மலைக்கு அப்பாலுள்ள லாகூல் பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம் என்பதால், காலையில் மணாலியில் புறப்பட்டவர்கள் 4,500 மீட்டருக்கு மேலுள்ள குன்சும் கணவாயைக் கடந்து அன்று இரவே ஸ்பிதியின் முக்கிய ஊரான, 3,700 மீட்டரை ஒட்டிய காசாவில் படுக்கிறார்கள். உறங்கும் உயரம் ஒரே நாளில் 1,600 மீட்டருக்கு மேல் கூடிவிடுகிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு உறங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பதே உயர்மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை.

சிம்லா வழி இதற்கு நேர்மாறானது. முதல் இரவு சிம்லாவிலோ 2,700 மீட்டரில் இருக்கும் நார்கண்டாவிலோ தங்கி, பிறகு சட்லெஜ் நதியை ஒட்டிக் கின்னௌர் மாவட்டத்துக்குள் சென்று, 2,900 மீட்டர் உயரத்திலுள்ள கல்பாவில் இரண்டு இரவு இருக்கலாம். அடுத்து 3,280 மீட்டரில் தாபோ, அதன் பிறகுதான் காசா. இந்த ஏற்றத்தில் உடல் தானாகவே பழகிக்கொள்கிறது. காசாவில் மூன்று இரவுகள் தங்கி, 4,200 மீட்டருக்கு மேலுள்ள கிப்பருக்கும், 4,400 மீட்டரை ஒட்டிய லாங்சா, ஹிக்கிம் ஊர்களுக்கும், அவற்றைவிட உயரத்திலிருக்கும் கோமிக்குக்கும் பகலில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம். அத்தனை நாள் பழகிய பிறகு குன்சும் கணவாயைக் கடப்பது பெரிய சிரமமாக இருக்காது. கூடுதல் கட்டணம் காசாவுக்கு முன் வரும் அந்த நான்கு இரவுகளுக்காகத்தான். நார்கண்டாவின் ஆப்பிள் தோட்டங்களும் கல்பாவிலிருந்து தெரியும் கின்னர் கைலாசமும் அதோடு சேர்ந்து கிடைப்பவை.

கேள்வி (வாசகி, மதுரை): அப்பாவுக்கு ரத்த அழுத்தம், அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் இருப்பதாக நிறுவனத்தார் சொல்கிறார்கள். அது போதுமா?

பதில்: சிலிண்டர் இருப்பது நல்லதுதான். ஆனால், அது வண்டி கீழே இறங்கி வரும்வரை தாக்குப்பிடிப்பதற்கான உதவி மட்டுமே. 4,500 மீட்டரில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு என்பதால், லேசான தலைவலியும் உறக்கக் குறைவும் பலருக்கும் வரும், ஓய்வெடுத்தால் தணிந்துவிடும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு இரைப்பது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகியவை தென்பட்டால் காலைவரை காத்திருக்கக் கூடாது. இரவானாலும் கீழே இறங்க வேண்டும். ‘அப்படி இரவில் இறங்க நேர்ந்தால் வண்டியும் ஓட்டுநரும் கிடைப்பார்களா?’ என்று நிறுவனத்தாரிடம் முன்பே கேட்டு வையுங்கள். அதற்கு அவர்கள் தரும் பதிலில் அந்த நிறுவனத்தின் தரம் தெரிந்துவிடும்.

டயமாக்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் அசிடசோலமைடு மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கிச் சாப்பிட வேண்டாம். அது சிறுநீரை அதிகமாகப் போக்கும் மருந்து. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஏற்கெனவே சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரையோடு சேருமா என்பதையும் உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இன்சுலின் உறைந்துவிட்டால் பயன்படாது. எனவே, இரவில் அதைப் பெட்டியில் விடாமல் போர்வைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காசாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் மணாலி, குல்லு பக்கமோ கின்னௌரின் ரெக்காங் பியோ, சிம்லா பக்கமோ இறங்கியாக வேண்டும்.

கேள்வி (வாசகர், சென்னை): பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான். அப்போது செல்லலாமா?

பதில்: சிம்லா வழியாகச் சென்று அதே வழியில் திரும்புவதாக இருந்தால் செல்லலாம். குன்சும் கணவாயில் பனி அகற்றப்பட்டுச் சாலை திறப்பது மே இறுதியிலோ ஜூனிலோதான். எனவே, மே நடுவில் இரு வழியையும் இணைத்துச் சுற்றிக் காட்டுவதாக எவர் உறுதி கூறினாலும் நம்ப வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் மழைமேகங்களை மலைகள் தடுத்துவிடும் மழை மறைவுப் பகுதியில் ஸ்பிதி இருப்பதால் அங்கே பெரும்பாலும் வெயில்தான். ஆனால், அங்கே போய்ச் சேர வேண்டிய கின்னௌர்ச் சாலையிலும் மணாலிச் சாலையிலும் நிலச்சரிவு ஏற்படுவதுண்டு. விடுமுறைக் கட்டு இல்லாதவர்களுக்கு என் பரிந்துரை செப்டம்பர் மாதம்.

கேள்வி (வாசகர், கோயம்புத்தூர்): எனக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளுள்ள வால்பாறைச் சாலை பழக்கம். சொந்தமாக வண்டி ஓட்டினால் செலவு குறையாதா?

பதில்: குறையும். ஆனால், வால்பாறையில் வண்டிக்குக் கீழே எப்போதும் தார் இருக்கிறது. மணாலிக்கும் குன்சும் கணவாய்க்கும் இடையே, கிராம்பூவிலிருந்து பாதல் வரை சந்திரா நதியை ஒட்டிச் செல்லும் பாதையில் நீண்ட தூரம் உருண்டைக் கற்களும் சேறும்தான். குறுக்கே நாலா என்று ஓட்டுநர்கள் சொல்லும் பனியுருகு ஓடைகள் சாலையின் மேலேயே பாய்கின்றன. காலை ஏழு மணிக்குக் கணுக்கால் அளவு ஓடும் அதே ஓடை, வெயில் ஏறி மேலே பனி உருகியபின் பிற்பகலில் முழங்காலைத் தாண்டி ஓடுவதுண்டு. தண்ணீர் கலங்கி வருவதால் அடியில் கிடக்கும் கல்லும் கண்ணுக்குத் தெரியாது. அவ்வூர் ஓட்டுநர் விடியுமுன் எழுப்பிவிடுவதற்குக் காரணம் இதுதான். அவரோடு சண்டை போடாதீர்கள். ஓடையருகே வந்ததும் அவர் வண்டியை நிறுத்தி, முன்னே போகும் லாரியின் சக்கரம் எந்தப் பக்கமாக இறங்கி எங்கே ஏறுகிறது என்று பார்த்துவிட்டு, அதன் தடத்திலேயே முதல் கியரில் நிற்காமல் கடப்பார். பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்தான், ஆனால் பெற்றோரைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு கற்க வேண்டாம். இன்னொரு செய்தி: ரெக்காங் பியோவுக்குக் கீழே போவாரியில் பெட்ரோல் நிரப்பினால் அடுத்தது காசாதான், காசாவிலிருந்து மணாலிப் பக்கம் போகும்போதும் கிராம்பூவைத் தாண்டும் வரை பம்ப் கிடையாது.

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): தாபோ மடாலயம் வெளியிலிருந்து மண்குவியல் போல இருக்கிறதே, அங்கே ஒரு நாள் செலவிட வேண்டுமா?

பதில்: தஞ்சையில் இருப்பவர் இதைக் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. தாபோ நிறுவப்பட்டது 996ஆம் ஆண்டில். உங்கள் பெரிய கோயில் எழுந்த காலத்தை ஒட்டியது. நீங்கள் கருங்கல்லைப் பார்த்து வளர்ந்தவர்; அங்கே எல்லாம் மண். உள்ளே நுழைந்ததும் சில நிமிடங்கள் ஒன்றும் தெரியாது. கண் பழகிய பிறகு, சுவரின் பாதி உயரத்தில் ஆளளவுக்கு நெருங்கிய களிமண் தெய்வ உருவங்கள், தாங்கும் பீடமில்லாமல் சுவரிலிருந்தே வெளிவந்து அமர்ந்திருப்பது தெரியும். அவற்றைச் சுற்றி மேலும் கீழும் ஓவியங்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. கைவிளக்கு ஒன்றைக் கொண்டுபோய், ஒளியை ஓவியத்தின் மேல் நிறுத்தாமல் தரையில் விட்டுப் பாருங்கள். வழிகாட்டிகள் பலர் அரை மணி நேரத்தில் வெளியே அழைத்துவிடுவார்கள். அன்றிரவு தாபோவிலேயே தங்கினால் மாலையிலும் மறுநாள் காலையிலும் இருமுறை உள்ளே போகலாம். உயரத்துக்குப் பழகவும் அது உதவும்.

கேள்வி (வாசகர், ஈரோடு): சந்திரதால் ஏரிக் கரையில் கூடாரத்தில் தங்க ஆசை. சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: கரையில் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை; முகாம்கள் சில கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன. ஏரி 4,250 மீட்டருக்கு மேல் இருப்பதால் அதைப் பயணத்தின் கடைசி இரவாக மட்டும் வையுங்கள். 2023 ஜூலையில் திடீர்ப் பனிப்பொழிவில் சாலை மூடி, ஏறத்தாழ 300 பேர் அந்த முகாம்களில் சில நாட்கள் சிக்கி மீட்கப்பட்டார்கள். மணாலியில் இறங்கிய மறுநாளே சண்டிகரில் விமானம் ஏறும்படி பயணச்சீட்டு எடுக்காமல், இடையில் ஒரு நாளைக் காலியாக விட்டு வையுங்கள்.

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): இலங்கையிலிருந்து வரும் என் அத்தையும் எங்களோடு வருகிறார். அனுமதிச் சீட்டு ஏதும் தேவையா?

பதில்: உங்களுக்குத் தேவையில்லை, அடையாள அட்டை போதும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள உங்கள் அத்தைக்கு, திபெத் எல்லையை ஒட்டிச் செல்லும் ரெக்காங் பியோ–தாபோ பகுதிக்கு அனுமதி வேண்டும். சிம்லாவிலோ ரெக்காங் பியோவிலோ அரசு அலுவலகத்தில் பெறலாம். நிறுவனத்தாரே விண்ணப்பித்துத் தருவார்கள். கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் நகல்களும் புகைப்படங்களும் கையில் இருக்கட்டும். ரெக்காங் பியோவை ஞாயிற்றுக்கிழமையில் அடையாதபடி மட்டும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.