முதலாளியின் விமானம்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கோத்தகிரிக்குப் பக்கத்து ஊர்க்காரன். வணிக விமானி உரிமம் பெற்றுவிட்டேன்; 200 மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைத்துத்தான் அப்பா என்னைப் படிக்கவைத்தார். கோவைத் தொழிலதிபர் ஒருவர் தம் சொந்த ஜெட் விமானத்துக்குத் துணை விமானி தேடுகிறார். அந்த வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியான டைப் ரேட்டிங்கின் செலவை அவரே ஏற்கிறார், சம்பளம் உடனே தொடங்கும், பெரிய மனிதர்களின் பழக்கமும் கிடைக்கும். இல்லையென்றால் விமான நிறுவனங்களின் தேர்வுக்குக் காத்திருக்க வேண்டும். சம்பளம், வேலைநேரம், வேலைப் பாதுகாப்பு ஆகிய மூன்றிலும் எது மேல்? அமெரிக்காவில் தனியார் ஜெட் விமானிகளுக்கு ஏழு நாள் வேலை, ஏழு நாள் விடுப்பு என்கிறார்களே? நஞ்சப்பச்சத்திரம் விபத்துக்குப் பிறகு, சிறிய விமானம் என்றாலே அம்மா அழுகிறார்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள தம்பி,

அம்மாவிடம் வாதாடாதீர்கள். 2021 டிசம்பரில் அங்கே விழுந்தது விமானப்படை ஹெலிகாப்டர். எதிர்பாராமல் மேகத்துக்குள் நுழைந்ததில் விமானிக்குத் திசையுணர்வு குழம்பியதே காரணம் என்று முப்படை விசாரணை கண்டது. இதை ஒருமுறை பொறுமையாகச் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். அழுகை நிற்காது; அது உங்கள் வேலையைத் தீர்மானிக்கவும் வேண்டாம்.

சம்பளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே மாதக் கணக்கில், விமான நிறுவன விமானிகளின் இடைநிலை ஆண்டு ஊதியம் 2,26,600 டாலர். மற்ற வணிக விமானிகளுக்கு 1,22,670 டாலர். இந்த இரண்டாம் கூட்டத்தில் வாடகை ஜெட் ஓட்டுபவரும் வயலுக்கு மருந்தடிப்பவரும் சேர்ந்தே இருக்கிறார்கள் என்பதால், அதை வைத்துக் கோவைச் சம்பளத்தைக் கணக்கிட முடியாது. ஏழு நாள் வேலை, ஏழு நாள் விடுப்பு என்பது அமெரிக்கத் தனியார் ஜெட் நிறுவனமான நெட்ஜெட்ஸ் போல நூற்றுக்கணக்கான விமானங்களும் விமானிகளின் தொழிற்சங்கமும் உள்ள இடத்தில் நடக்கிற காரியம். அந்த நிறுவனமே 2008 நெருக்கடிக்குப் பின் ஏறத்தாழ 500 விமானிகளை வீட்டுக்கு அனுப்பியது. ஒரே விமானமும் ஒரே முதலாளியும் உள்ள இடத்தில், உங்கள் விடுப்பு அவருடைய மகளின் திருமணத் தேதியைப் பொறுத்தது.

உங்கள் கடிதத்தில் என்னைச் சீண்டியது ‘பெரிய மனிதர்களின் பழக்கம்’ என்ற சொற்கள். என் தந்தை கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் மேனேஜரின் டிரைவராக இருந்தார். பங்களாவுக்குக் கீழே எங்கள் குவார்ட்டர்ஸ். சாவி எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். மணி அடித்தால் சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டே சட்டையை மாட்டுவார். பெரிய மனிதர்கள் அனைவரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், தீபாவளிக்குத் துணி கொடுப்பார்கள். ஓர் ஐப்பசி இரவில், மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க மேனேஜர் கிளம்பினார். குஞ்சப்பனைக்கு மேலே மழையில் மண் சரிந்துகொண்டிருந்தது. தந்தை வண்டியை ஓரம் கட்டி, விளக்கை அணைக்காமல், “விடியட்டும் துரை” என்று மட்டும் சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. அடுத்த மாதம் கொழுந்து லாரிக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை, ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

இதைத்தான் நான் வேலைப் பாதுகாப்பு என்கிறேன்: முடியாது என்று சொன்ன மறுநாளும் அந்த வேலை உங்களுக்கு இருக்குமா? 2001 மார்ச் 29 அன்று, கொலராடோ மலைகளில் உள்ள ஆஸ்பென் விமான நிலையத்தில் இறங்க முயன்ற வாடகை கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் ஒன்று ஓடுபாதைக்கு முன்பே மலைச்சரிவில் மோதியது. உள்ளே இருந்த 18 பேரும் இறந்தார்கள். பயணிகள் தாமதமாக வந்ததால் இருட்டிவிட்டிருந்தது, பனியும் பெய்தது. வேறு ஊரில் இறங்க நேரலாம் என்ற பேச்சுக்கே வாடிக்கையாளர் கோபப்பட்டிருந்தார். இரவு விருந்துக்கு அவர் பெரும் பணம் செலவிட்டிருக்கிறார் என்று விமானி சொன்னது ஒலிப்பதிவுக் கருவியில் இருக்கிறது. வாடிக்கையாளரின் அழுத்தத்தையும் விபத்துக்குத் துணைக்காரணமாக அமெரிக்கப் புலனாய்வு வாரியம் எழுதிவைத்தது. அந்த விமானி திறமையற்றவர் அல்லர். ஒரு விருந்தின் விலையைத் தம் தோளில் ஏற்றிக்கொண்டவர்.

விமான நிறுவனத்தில் மறுப்பதற்கு உங்களுக்குத் துணிச்சல் தேவையில்லை, ஏனெனில் உங்களுக்காக விதி மறுக்கிறது. இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. 2024-இல் திருத்திய பணிநேர விதி வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியது. அதையும் முதலாளிகள் வளைக்கப் பார்ப்பார்கள். 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தபோது, இரவுப்பணி விதிகள் சிலவற்றிலிருந்து அதற்குத் தற்காலிக விலக்கும் கிடைத்தது. ஆனாலும் அது நாடு முழுக்கப் பார்க்கப் பேசப்பட்ட விலக்கு. உங்கள் கோவை முதலாளி காரில் வந்திறங்கி, “என்ன தம்பி, லேசான மழைதானே?” என்று கேட்கும்போது அங்கே எந்த நாடும் பார்த்துக்கொண்டிருக்காது.

நிறுவனம் என்றால் நிலையானது என்று நான் சொல்லவரவில்லை. கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. விமானிகள் சம்பளப் பாக்கியோடு தெருவுக்கு வந்தார்கள். ஆனால் அவர்களுடைய பறப்பு மணிகளை எவராலும் பறிக்க முடியவில்லை. கேப்டனாவதற்கான ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு 1,500 மணி வேண்டும். நிறுவனத்தில் அது சில ஆண்டுகளில் சேரும். முதலாளியின் ஜெட்டோ பெரும்பாலான நாட்கள் ஹேங்கரில் நிற்கும். அவர் அதை விற்றுவிட்டால், குறைந்த மணிகளோடும் ஊரில் வேறெவரிடமும் இல்லாத விமானத்துக்கான ரேட்டிங்கோடும் நீங்கள் நிற்பீர்கள். ரேட்டிங்குக்கு அவர் பணம் கட்டுகிறார் என்று மகிழ்கிறீர்களே, அதற்கு ஈடாக, வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று எழுதித் தரச்சொல்லும் பாண்டு எத்தனை ஆண்டுகள் என்று ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? தோட்டத்தை அடமானம் வைத்தவரின் மகன் முதலில் படிக்க வேண்டிய தாள் அதுதான்.

அதற்காக நேர்காணலுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். இப்போது அங்கிருக்கும் கேப்டனைத் தனியே சந்தித்து, வானிலைக்காகக் கடைசியாக எப்போது பயணத்தை ரத்து செய்தார், முதலாளி அப்போது என்ன சொன்னார் என்று கேளுங்கள். அவருக்கு முன் இருந்த கேப்டன் ஏன் போனார் என்பதையும் கேளுங்கள். முடிந்தால் அவரையே தேடிப்பிடித்துக் கேளுங்கள். பாண்டு தாளின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து, கையெழுத்திடும் முன் அப்பாவையும் ஒரு வழக்கறிஞரையும் படிக்கவையுங்கள். நகல் தர மறுத்தால் அன்று மாலையே ஊருக்குப் பேருந்து ஏறிவிடுங்கள்.

அன்புடன்.