உள்சுவர்ப் பூச்சு: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணே, பழைய வீட்டில் ஒரே ஒரு அறையை நானே பூசலாமா?

பதில்: சுவரை மட்டும் என்றால் தாராளமாக. சீலிங்கைக் கொத்தனாரிடம் விட்டுவிடுங்கள். முதலில் பழைய பூச்சை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இடத்தைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டி, கம்பி பிரஷால் தூசி தட்டி, நன்றாக நனையுங்கள். காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் பூச்சு பிடிக்காது. அப்புறம் தூக்குக்குண்டு விட்டு மேலும் கீழும் பொட்டு (பூச்சின் கனத்தைக் காட்டும் சிறு கலவைத் திட்டு) வையுங்கள். பொட்டு சரியாக இருந்தால் மட்டப்பலகை தானாக வழி காட்டும்.

கேள்வி: கலவை எந்த அளவில்? எம்-சாண்ட் போதுமா?

பதில்: உள்சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து அல்லது ஆறு பங்கு மணல், சீலிங்குக்கு ஒன்றுக்கு நான்கு. எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்கிற மணல், கான்கிரீட்டுக்கு. பூச்சுக்கென்றே வரும் பொடியான பி-சாண்ட் கேட்டு வாங்கி, சலித்துப் போடுங்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டை சுமார் ஒன்றேகால் கன அடி. மணலையும் அதே அளவுப் பெட்டியில் அளந்து போடுங்கள், பாண்டுக் கணக்கு வேண்டாம். பூச்சு கனம் 12 மி.மீ. போதும்.

கேள்வி: பூசி ஒரு வாரம்தான் ஆகிறது. சுவர் முழுக்க வலைபோல மெல்லிய வெடிப்பு. சீக்கிரம் காயட்டும் என்று ஃபேன் போட்டு வைத்தோம். சிமெண்ட் மட்டமா?

பதில்: பாவம், சிமெண்ட் மேல் பழி போடாதீர்கள். ஃபேன்தான் முதல் சந்தேகம். பூச்சு காயக்கூடாது, ஈரத்தோடு இறுக வேண்டும். மறுநாளிலிருந்து குறைந்தது 7 நாள் காலையும் மாலையும் தண்ணீர் அடிக்க வேண்டும். இன்னொன்று: வழவழப்புக்காக வெறும் சிமெண்டைத் தூவிக் கரண்டியால் அழுத்தித் தேய்ப்பார்கள். அந்த மேல்தோல் தனியாகச் சுருங்கி வெடிக்கும். மணியாஸ்கட்டையால் (பூச்சைத் தேய்த்துச் சமன் செய்யும் கட்டை) தேய்த்த சொரசொரப்போடு விட்டால் போதும், பெயிண்டுக்கு முன் பூசும் புட்டி பார்த்துக்கொள்ளும். மூன்றாவது, டீ குடித்துவிட்டு வருவதற்குள் இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைப்பது. இதை நான் எந்தத் தளத்திலும் அனுமதிப்பதில்லை. அரை மணி நேரத்தில் தீர்கிற அளவுக்கே தண்ணீர் ஊற்றிக் குழைக்கச் சொல்லுங்கள். தட்டினால் பொள்ளல் சத்தம் இல்லையென்றால் உங்கள் சுவரை உடைக்க வேண்டியதில்லை, புட்டியில் மறைந்துவிடும்.

கேள்வி: தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வெடிக்கிறதே, சார்?

பதில்: கான்கிரீட்டும் செங்கலும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஒரே மாதிரி அசைவதில்லை. பூசுவதற்கு முன்பே இணைப்பின் இரு பக்கமும் ஆறு அங்குலம் வருகிறபடி கோழிவலை அடித்திருக்க வேண்டும். வயரிங் பைப்புக்குக் காடி எடுத்த இடத்துக்கும் இதே வைத்தியம்தான். வழவழப்பான தூணைக் கொத்திவிட்டுப் பூசுங்கள்.

கேள்வி: ஜிப்சம் பூச்சு நல்லதா? தண்ணீர் அடிக்க வேண்டாமாமே?

பதில்: உண்மைதான், வேலையும் சீக்கிரம் முடியும். பாத்ரூம், அடுப்படி, ஓதம் ஏறும் சுவர் இந்த மூன்றிலும் மட்டும் வேண்டாம். ஈரம் பட்டால் ஊறிப் பெயரும்.

கேள்வி: தரையிலிருந்து இரண்டடிக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. மறுபடி பூசிவிடலாமா?

பதில்: ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பூசினால் காசுக்குக் கேடு. பைப் கசிவா, வெளிச்சுவரை ஒட்டித் தேங்கும் மழைத்தண்ணீரா என்று பார்த்து அதை நிறுத்துங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பூச்சைப் பற்றிப் பேசலாம்.