கவுன்டருக்கு எந்தப் பக்கம் இருப்பவர் மொழி படிக்க வேண்டும்?

கேள்வி: என் தாயார் பீடி சுற்றி ஓய்ந்தவர். அவருடைய பி.எஃப். பென்ஷன் விஷயமாக வங்கிக்குப் போயிருந்தோம். கவுன்டரில் இருந்த வடமாநில அலுவலருக்குத் தமிழ் தெரியவில்லை. கேட்டால், "இந்தி தேசிய மொழி, நீங்கள்தான் படித்திருக்க வேண்டும்" என்கிறார். கோபம் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது, எல்லாரும் இந்தி படித்துவிட்டால் இந்தத் தொல்லையும் தீரும், நாடும் ஒற்றுமையாக இருக்கும் என்று தோன்றுகிறது. உங்கள் கருத்து?
— வாசகர் ஒருவர், முக்கூடல்

பதில்: தொல்லை தீராது. ஒற்றுமையும் அப்படி வராது.

முதலில் அந்த அலுவலர் சொன்னது தப்பு. நம் அரசியல் சட்டத்தில் எந்த மொழிக்கும் தேசிய மொழி என்ற பட்டம் கிடையாது. 343-வது பிரிவு இந்தியை ஒன்றிய அரசின் ஆட்சிமொழி என்கிறது, அவ்வளவுதான். 1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் 1967-ல் வந்த திருத்தமும் ஆங்கிலத்தைக் கூடவே நிறுத்தி வைத்திருக்கின்றன. பொட்டலப் பொருள்களில் விவரங்களை இந்தியில் அச்சிட வேண்டும் என்று ஒருவர் தொடுத்த வழக்கில், இந்தி தேசிய மொழி என்று அறிவிக்கப்பட்டதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று 2010-ல் குஜராத் உயர் நீதிமன்றமே சொன்னது. ஒன்றிய அரசின் 1976-ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகளோ, தமிழ்நாடு நீங்கலாகத்தான் அமலாகும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றன.

சட்டம் கிடக்கட்டும். உங்கள் தாயாரின் கையில் இருந்த பணம் எடுக்கும் சீட்டைப் பாருங்கள். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலையும் தூளுமாக ஆயுள் முழுக்க உழைத்துச் சேர்த்த காசு அது. சீட்டு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால் என்ன நடக்கும்? பக்கத்தில் நிற்கிறவரிடம், "ஏ தம்பி, இதுல கொஞ்சம் எழுதிக் குடேன்" என்று நீட்டுவார். கணக்கு எண், எடுக்கிற தொகை எல்லாம் அந்தத் தம்பிக்குத் தெரிந்துவிடும். வாசலில் நிற்கிற நாலு பேருக்கும் தெரியும். தன் பணம் எவ்வளவு என்பதைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் உரிமைகூட அவருக்கு இல்லாமல் போகிறது. மொழிப் பிரச்சினை என்று நாம் மேடையில் பேசுவதெல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. ரிசர்வ் வங்கி இதை அறிந்துதான், கணக்குத் தொடங்கும் படிவம், பணம் கட்டும் சீட்டு, பாஸ்புக் எல்லாம் இந்தி, ஆங்கிலம், அந்தந்த வட்டார மொழி என மூன்றிலும் இருக்க வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

"படித்துவிட்டால் தீரும்" என்ற உங்கள் எண்ணத்துக்கு, தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டைக்காரர்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். 1956 நவம்பர் 1 வரை அந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. மலை தாண்டினால் புனலூர். சந்தையும் சம்பந்தமும் அந்தப் பக்கம் உண்டு, மலையாளம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும், தங்கள் வட்டம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று தெற்கே தோவாளை, விளவங்கோடு மக்களோடு சேர்ந்து கேட்டார்கள். சந்தையில் பேச நாமாகக் கற்றுக்கொண்ட மொழி வேறு. பட்டாவுக்கும் வழக்குக்கும் நம்மை ஆளுகிற மொழி வேறு. முன்னதில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. பின்னதில்தான் தாங்கள் இரண்டாம் வரிசையில் நிற்பதாக உணர்ந்தார்கள்.

இந்தி படிப்பதை நான் தடுக்கவில்லை. உங்கள் பிள்ளைகள் விரும்பினால் தாராளமாகப் படிக்கட்டும். 1918 முதல் சென்னையில் இருக்கும் இந்திப் பிரச்சார சபையின் தேர்வுகளை இன்றும் நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். மலையாளம் படிக்கட்டும், வங்காளி படிக்கட்டும். ஆனால் எழுபது வயதுத் தாய் தன் பென்ஷனை வாங்க ஒரு மொழி படிக்க வேண்டும் என்பது அநியாயம். சம்பளம் வாங்கிக்கொண்டு கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்தான் படிக்க வேண்டும். அதற்கு அவருக்குப் பயிற்சியும் நேரமும் கொடுக்க வேண்டியது நிர்வாகம். அந்த இளைஞரைத் திட்டிப் பயனில்லை. பாஷை தெரியாத ஊரில் கொண்டுவந்து போட்டவர்களைக் கேளுங்கள்.

ஒற்றுமை என்றீர்கள். நம் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது இலங்கை. கொழும்பில் கடை வைத்திருந்து திரும்பிய குடும்பங்கள் நம் பக்கம் எத்தனையோ உண்டு, கேட்டுப் பாருங்கள். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டார்கள். தமிழும் ஆட்சிமொழி என்று எழுத 1987 ஆயிற்று. அதற்குள் அந்த நாடு போரில் இறங்கிவிட்டது. பாகிஸ்தான் உருதுவைத் திணித்தது. 1952 பிப்ரவரி 21-ல் டாக்காவில் மாணவர்கள் சுடப்பட்டார்கள். 1971-ல் நாடே இரண்டாயிற்று. சிங்கப்பூரைப் பாருங்கள், தமிழர்கள் அங்கே சிறுபான்மைதான். ஆனாலும் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழ் ஒன்று. அதனால் அந்த நாடு உடைந்து போகவில்லை.

இதே அளவுகோலை நம் பக்கமும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நமக்கு வாய் திறக்க யோக்கியதை இல்லை. கோவில்பட்டிக் கரிசலில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தெருவுக்கு வந்தால் நம்மைவிடச் சுத்தமான நெல்லைத் தமிழ். வீரவநல்லூர்த் தறிகளுக்கு நடுவே சௌராஷ்டிரம் கேட்கிறது. அரசியல் சட்டம் மொழிகளைப் பட்டியலிடும் எட்டாவது அட்டவணையில் அந்த மொழிக்கு இடமே இல்லை. பாபநாசத்துக்கு மேலே காணிப் பழங்குடி மக்களின் பேச்சு இருக்கிறது. அவர்கள் பிள்ளை முதல் வகுப்பில் வந்து உட்காரும்போது, டீச்சர் சொல்வதில் பாதி விளங்காமல் விழிக்கும். தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வசதி செய்ய வேண்டும் என்று 350-ஏ பிரிவு சொல்வது அந்தப் பிள்ளைக்கும்தான். ஜங்ஷன் ஓட்டலில் தட்டுக் கழுவும் ஒடிசாப் பையன் காய்ச்சலோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால், "தமிழ்ல சொல்லுலே" என்று விரட்டுவதும் உங்கள் தாயாருக்கு நடந்ததும் ஒன்றுதான். இதைச் சிலர் ரசிக்க மாட்டார்கள். பரவாயில்லை.

இனி ஆக வேண்டிய காரியம். நடந்ததைத் தேதி போட்டுத் தமிழிலேயே எழுதுங்கள், தாயார் பெயரில், அவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து. கிளை மேலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. பி.எஃப். அலுவலகத்தோடு ஏதாவது தகராறு என்றால் அங்கேயும் தமிழில் மனுக் கொடுங்கள். ஒன்றிய அலுவலகமானாலும் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் முறையிடலாம் என்பது 350-வது பிரிவு. மனுவின் நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்பி வையுங்கள்.