டிஸ்டேல் ஊர் வரவேற்புப் பலகையில் "லேண்ட் ஆஃப் ரேப் அண்ட் ஹனி" என்று ஏன் எழுதியிருந்தார்கள்? ஏன் எடுத்தார்கள்?

டிஸ்டேல், கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் உள்ள விவசாய ஊர். வாசகத்தின் பொருள் 'ரேப்பும் தேனும் விளையும் பூமி'. பலகையில் இருந்த 'ரேப்' ஒரு எண்ணெய்வித்துப் பயிர், கடுகுக்குப் பங்காளி. டர்னிப் கிழங்கைக் குறிக்கும் 'ராபும்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். வன்கொடுமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் அதே எழுத்து, அதே உச்சரிப்பு. வேர் மட்டும் வேறு.

இந்தப் பயிர் அங்கே பெருகியது இரண்டாம் உலகப் போரில். நீராவிக் கப்பல் எஞ்சின்களில் தண்ணீரும் ஆவியும் பட்டுக்கொண்டே இருக்கும். மற்ற எண்ணெய்கள் கழுவிக்கொண்டு போய்விடும், ரேப் எண்ணெய் உலோகத்தில் ஒட்டி நிற்கும். போரால் வெளிநாட்டு வரத்து நின்றதும் கனடா தானே விதைத்தது. பிறகு டீசல் எஞ்சின்கள் வர, அந்தச் சந்தை படுத்துவிட்டது.

சமையலுக்குத் திருப்பலாம் என்றால் இரண்டு தடைகள். எண்ணெயில், இதயத்துக்குக் கெடுதல் என்று அஞ்சப்பட்ட எரூசிக் அமிலம் சுமார் 40 விழுக்காடு. புண்ணாக்கில் குளுக்கோசினோலேட் என்ற காரப் பொருள், அந்தக் காரத்துக்கு மாடு வாய் வைக்காது, தைராய்டும் கெடும். கனடாவின் பயிர் விஞ்ஞானிகள் கீத் டவுனியும் பால்டூர் ஸ்டெஃபன்சனும் பல ஆண்டுகள் விதை விதையாகச் சோதித்துக் கலப்பு செய்தார்கள். இரண்டும் குறைந்த முதல் ரகமான 'டவர்' 1974இல் வந்தது. இப்படி இரண்டும் குறைந்த ரகங்களுக்கு 1978இல் வைத்த பெயர்தான் கனோலா. இன்றைய வரையறைப்படி எரூசிக் 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

விதை மூட்டையில் பெயர் மாறிவிட்டது, பலகையில் மாறவில்லை. சிக்கல் இங்கேதான். பயிரின் பழைய பெயரே தெரியாத தலைமுறை காரில் வரும்போது, அதற்குத் தெரிந்த ஒரே பொருள் வன்கொடுமை. ஊர் மக்களிடம் கருத்துக் கேட்டு, 2016இல் "வாய்ப்பு இங்கே வளர்கிறது" என்ற பொருளில் புது வாசகம் வைத்தார்கள். மாற்றியது சரியே. பொருள் சொல்ல ஆள் கூடவே நிற்க வேண்டிய பலகை யாரையும் வரவேற்காது.

தேன் மாறவில்லை, ஊரில் ஒரு பெரிய தேனீச் சிலையும் நிற்கிறது. கனோலாத் தேன் வெளிர் நிறம், குளுக்கோஸ் அதிகம், அதனால் சீக்கிரம் உறையும். தேனீக்கள் அடையை மெழுகால் மூடியதும், அடை கட்டிய மரச்சட்டங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுழற்றித் தேனைப் பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் அடைக்குள்ளேயே கட்டிவிடும். சுழற்றினால் தேன் வராது, அடைதான் உடையும். வெண்ணெய்ப் பதத்தில் வேண்டுமானால், நைசாக உறைந்த தேனைப் பத்தில் ஒரு பங்கு கலந்து, 14 டிகிரி செல்சியஸில் வைத்துவிடுவார்கள்.